அஷ்டமி பார்த்துக் கிளம்புங்கள்: பாக்கோ கடல் தூணுக்குப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ரயில் ஏறி, கோலாலம்பூரில் விமானம் ஏறி, கூச்சிங்கில் காடி (கார்) பிடித்து, எல்லாம் முடிந்து கம்போங் பாக்கோ படகுத்துறையில் போய் நின்றால் படகுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு "ஆயர் சூருட், பாங்" என்றார். தண்ணீர் இறங்கிவிட்டது, இப்போது அந்தப் பக்கம் போக முடியாது என்று அர்த்தம். நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் துறையில் உட்கார்ந்து மிலோ குடித்துக்கொண்டு சேற்றைப் பார்த்தோம். பிறகு தண்ணீர் ஏறி, பூங்காவுக்குப் போய் இறங்கி, அவசர அவசரமாக ஒரு குறுக்குப் பாதையில் நடந்து, ஒரு குரங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். படங்களில் பார்த்து ஆசைப்பட்ட அந்தக் கடல் தூண் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் தடவை அம்மா, அக்கா, மாமா, அக்காவின் மகன் என்று குடும்பமாகப் போனோம், அப்போது ஒழுங்காகப் பார்த்தோம். எங்கள் டவுனில் நாலு பேர் அதற்குப் பிறகு என்னிடம் எப்படிப் போவது என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். போர்னியோ தீவில் இருக்கும் சரவாக் மாநிலத்தில், கூச்சிங்கிலிருந்து ஏறக்குறைய 37 கிலோமீட்டரில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில் பாக்கோ தேசியப் பூங்கா இருக்கிறது. 1957இல் அறிவிக்கப்பட்டது, சரவாக்கின் மிகப் பழைய தேசியப் பூங்கா அதுதான். பரப்பளவு 27 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான், பெரிய காடு என்று சொல்ல முடியாது. ஆனால் கரை முழுவதும் மணற்கல் பாறை, செங்குத்தாக வெட்டி நிறுத்தியதுபோல. அந்தக் கரையில் தெலோக் பாண்டான் கெச்சில் என்று ஒரு சின்னக் குடா, அதன் முனையைச் சுற்றிப் போனால் கடலுக்குள் தனியாக ஒரு பாறை நிற்கும். மேலே அகலம், கீழே கழுத்து மாதிரி ஒடுக்கம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் படம் எடுத்த நல்லபாம்பு போலவே இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பாம்புக்கல் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

ஏன் அப்படி நிற்கிறது என்று அக்கா மகன் படகில் கேட்டான், நல்ல கேள்வி. முன்பு அது கரையோடு ஒட்டிய பாறைதான். அலை எப்போதும் பாறையின் பலவீனமான இடத்தை, வெடிப்பு விட்ட இடத்தைத் தேடி அடிக்கும். வெடிப்பு குகையாகும், குகை இரண்டு பக்கமும் திறந்து வளைவாகும், வளைவின் கூரை ஒருநாள் இடிந்து விழும், அப்போது கடல் பக்கம் மிச்சம் நிற்பதுதான் தூண். அதற்குப் பிறகும் அலை விடுவதில்லை. தண்ணீர் ஏறி இறங்கும் உயரத்தில் தினமும் அடித்துக்கொண்டே இருப்பதால் அடிப்பாகம் தேய்கிறது, அலை எட்டாத தலை அப்படியே இருக்கிறது. கழுத்து வந்தது அப்படித்தான்.

அப்படியானால் ஒருநாள் விழுமா? விழும். அதே சரவாக்கில், மீரி பக்கம் தூசான் கடற்கரையில் குதிரை தண்ணீர் குடிப்பதுபோல ஒரு பாறை வளைவு இருந்தது, கல்யாணப் படம் எடுக்கக்கூட அங்கே போவார்கள். 2020 பிப்ரவரியில் அது இடிந்து கடலில் விழுந்துவிட்டது. மீரி போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பல வருடம் தள்ளிப்போட்டவன் நான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் விமான டிக்கெட்டைத் தேடுகிறார்கள், மலிவாகக் கிடைத்த தேதியில் போட்டுவிட்டு அப்புறம்தான் மற்றதை யோசிக்கிறார்கள். பாக்கோவுக்கு அது சரிப்படாது. பூங்காவுக்குச் சடக்கு (சாலை) கிடையாது, படகு ஒன்றுதான் வழி, அந்தப் படகு ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் முகத்துவாரம் ஆழமில்லாதது. தண்ணீர் நன்றாக இறங்கும் நேரத்தில் படகு தரை தட்டும். அந்தப் பக்கம், பூங்காத் தலைமையகம் இருக்கும் தெலோக் அசாம் துறையிலும் அப்படியே, தண்ணீர் குறைவாக இருந்தால் படகு துறைவரை வராது, தூரத்திலேயே இறங்கிச் சேற்றிலும் மணலிலும் நடக்க வேண்டும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும். போர்ட் டிக்சனிலும் லூமுட்டிலும் கடலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் மிரட்டலாகத்தான் இருக்கும்.

அதனால் தேதியை முடிவு செய்யும் முன்பு சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கடல் ஏறுவதும் இறங்குவதும் நிலாவின் வேலை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் பெரிது, இறக்கமும் பெரிது. பாதி நிலா நாட்களில், அதாவது அஷ்டமியை ஒட்டி, இரண்டின் இழுப்பும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் வித்தியாசம் குறைந்துவிடும், அதன் பலன் ஓரிரு நாள் தள்ளி நவமி, தசமியில்தான் நன்றாகத் தெரியும். அஷ்டமி நவமியில் பயணம் கிளம்பக் கூடாது என்று அம்மா சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவர். இந்தக் கணக்கைச் சொன்னபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கடலுக்கு ராகு காலம் தெரியாதாடா?" என்று கேட்டார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: வீட்டைவிட்டு சப்தமியில் கிளம்பி, கூச்சிங்கில் ஒரு நாள் தங்கி, படகில் ஏறுவது மட்டும் நவமியில்.

நாள்காட்டி தோராயம்தான், துல்லியத்துக்குக் கடல் ஏற்ற இறக்க அட்டவணை வேண்டும். கைப்பேசியில் இலவசச் செயலிகள் இருக்கின்றன, கூச்சிங் அல்லது மூவாரா தெபாஸ் என்று இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உச்ச ஏற்றம் காலை பதினொன்றுக்கும் மதியம் ஒன்றுக்கும் இடையில் வரும் நாள் கிடைத்தால், ஒரே நாளில் போய் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரமும் கொஞ்சமும் என்று கணக்கு, ஆக காலை எட்டரை ஒன்பதுக்குத் தண்ணீர் பாதி ஏறியிருக்கும்போது உள்ளே போகலாம், மதியம் மூன்றுக்குப் பாதி இறங்கும்போது வெளியே வந்துவிடலாம். ஒரு நாள் தள்ளினால் நேரம் ஐம்பது நிமிடம்போலத் தள்ளும், அதனால் ஞாயிறு சரியாக இருந்தது என்பதற்காகப் புதனும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தூணைப் பார்ப்பதற்கும் பாதித் தண்ணீர்தான் அழகு. தண்ணீர் முழுதாக ஏறியிருந்தால் அந்தக் கழுத்து மூழ்கிவிடும், பாறை சும்மா மிதப்பதுபோல இருக்கும். முழுதாக இறங்கினால் அடி நன்றாகத் தெரியும், ஆனால் படகு கிட்டே போகாது. நடுவில் போனால் கழுத்தும் தெரியும், கிட்டேயும் போகலாம்.

மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் ஊர் சுற்றக் கிளம்புவது தீபாவளி லீவில், இல்லையென்றால் வருடக் கடைசியில். இரண்டும் பாக்கோவுக்குச் சரியில்லாத நேரம். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று, மழை கொட்டும், கடல் முரடாக இருக்கும், தூண் பக்கம் படகு போகவே போகாத நாட்கள் உண்டு. ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை பார்த்துப் போடுங்கள். ஜூன் 1, 2 சரவாக்கின் கவாய் அறுவடைப் பண்டிகை, ஊருக்குத் திரும்பும் சரவாக்காரர்களோடு டிக்கெட்டுக்குப் போட்டி போட வேண்டியிருக்கும், அந்த வாரத்தை விட்டுவிடலாம். இன்னொன்று, தீபாவளிக்கு நாடு முழுவதும் பொது விடுமுறை, சரவாக்கில் மட்டும் கிடையாது. இதை அங்கே போய்த்தான் நான் தெரிந்துகொண்டேன்.

டிக்கெட் விஷயம் சுருக்கமாக. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் இருப்பவர்கள் ஈடிஎஸ் மின்ரயிலில் கோலாலம்பூர் போய் அங்கிருந்து பறக்கலாம், விமானத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம். பினாங்கிலிருந்தும் கூச்சிங்குக்கு நேரடி விமானம் இருக்கிறது, பினாங்குவரை காடி ஓட்டிக்கொண்டு போக ஆள் இருந்தால் அதையும் விலை பாருங்கள்.

ஒரே நாட்டுக்குள் போகிறோம் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு, கூச்சிங் விமான நிலையத்தில் இறங்கினதும் முகப்பில் மைகாட்டை (அடையாள அட்டையை) காட்ட வேண்டும். தீபகற்பத்துக் குடிமக்கள் சுற்றுலாவாகப் போனால் 90 நாள்வரை இருக்கலாம். மைகாட் இல்லாத சின்னப் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, தோட்டத்துக் குடும்பங்களில் இன்னும் சிவப்பு ஐசியோடு, அதாவது குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசி அட்டையோடு இருக்கும் பெரியவர்கள் உண்டல்லவா, அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் டிக்கெட் போடும் முன்பே குடிநுழைவுத் துறையில் என்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மைகாட் சலுகை குடிமக்களுக்கு மட்டும்தான். முகப்பில் போய் நின்று பாட்டியைத் திருப்பி அனுப்பும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இப்போது காலணி. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடியில் முள்முள்ளாக இருக்குமே, எல்லோரும் கிண்டலாக அடிடாஸ் கம்போங் என்பார்களே, அதுதான் பாக்கோவுக்கு மிகச் சரியான காலணி. நானூறு ஐநூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மலையேறும் பூட்ஸ் வாங்கி வந்த ஒருவர் ஈரப் பாறையில் வழுக்கி உட்கார்ந்ததை நான் பார்த்தேன், பக்கத்திலேயே சரவாக் வழிகாட்டி ஒருவர் இந்த ரப்பர் சப்பாத்தோடு ஆட்டுக்குட்டிபோல இறங்கிப் போனார். எங்கள் டவுன் ஹார்ட்வேர் கடையில் தொங்குகிறது, விலையும் அதிகமில்லை. ஒரு அளவு பெரிதாக வாங்கி, உள்ளே காற்பந்துக் காலுறை போடுங்கள், இல்லையென்றால் குதிகால் தோல் உரிந்துவிடும். படகிலிருந்து தண்ணீரில் இறங்கினால் கழற்றிக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். அம்மா இருபது வருடத்துக்கு மேல் இதைப் போட்டுத்தான் பால் வெட்டப் போனவர், ஓய்வு பெற்ற பிறகு இனி இந்தக் கருமத்தைத் தொடவே மாட்டேன் என்று சொல்லியிருந்தார். பாக்கோவுக்குப் போட்டுக்கொண்டார். ஜப்பான் சிலிப்பர் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

அன்று காலை எப்படிப் போக வேண்டும் என்றால், கூச்சிங்கில் சீக்கிரம் எழுந்து பசியாறிவிட்டு ஏழு ஏழரைக்குக் கிளம்பிவிடுங்கள். பாக்கோ போகும் பேருந்து இருக்கிறது, தனி ஆளாகப் போனால் அது போதும், குடும்பமாகப் போனால் கிராப் காடி கட்டுப்படியாகும், முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒன்றை மனதில் வையுங்கள்: கடிகாரம் இங்கும் அங்கும் ஒன்றுதான், ஆனால் சூரியன் அங்கே அரை மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொள்கிறது. நமக்கு ஏழே காலுக்கு இன்னும் வெளிச்சம் இருக்கும், அங்கே இருட்டிவிட்டிருக்கும்.

படகுத்துறையில் பெயரைப் பதிந்து, நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். மலேசியர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை, அதனால் மைகாட் கையிலேயே இருக்கட்டும். படகுக்குத் தனிக் காசு. நாங்கள் போனபோது போக வர ஆளுக்கு 40 வெள்ளி ஆயிற்று, நீங்கள் போகும்போது மாறியிருக்கலாம். ரொக்கம் கொண்டு போங்கள், சில்லறையாக.

இங்கேதான் முதல் தடவை நான் கோட்டைவிட்டேன். அந்தக் காசு தெலோக் அசாமில் உங்களை இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றுவதற்கு மட்டும். கடல் தூண் அந்த வழியில் இல்லை, அதையும் தாண்டிப் போக வேண்டும். ஏறும் முன்பே படகுக்காரரிடம் "பத்து யாங் மாச்சாம் உலார் தெடோங் இத்து, போலே சிங்கா தாக்?" என்று கேளுங்கள், அந்த நல்லபாம்பு மாதிரிக் கல் பக்கம் போகலாமா என்று. எவ்வளவு கூடக் கொடுக்க வேண்டும், போகும்போதா திரும்பும்போதா, அன்றைய அலை எப்படி என்று எல்லாம் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். முடியாது என்று அவர் சொன்னால் கெஞ்சாதீர்கள். கூடக் காசு தருகிறேன் என்று ஆசை காட்டவும் வேண்டாம், அந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவர் முடியாது என்றால் முடியாதுதான். திரும்பும் நேரத்தையும் அவரே சொல்வார், அதைத் தாண்டினால் தண்ணீர் இறங்கிவிடும், அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்.

படகு சின்னது, ஐந்தாறு பேர்தான். மிதவை அங்கியைப் போட்டு நெஞ்சு வார் எல்லாம் இறுக்கிக்கொள்ளுங்கள், சும்மா தோளில் மாட்டிக்கொண்டு படத்துக்குச் சிரிப்பது வேறு, கடலில் விழுவது வேறு. கைப்பேசியை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போடுங்கள். ஆற்றில் இருக்கும்வரை அமைதியாக இருக்கும், இரண்டு பக்கமும் நீப்பா மரமும் அலையாத்தியும். முகத்துவாரம் தாண்டினதும் படகு தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பு வலிக்காரர்கள் பின்பக்கம் உட்காருவது நல்லது.

தூணுக்குக் கிட்டே போனதும் படகுக்காரர் இயந்திரத்தைத் தணித்தார். அதுவரை எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம், அப்போது அலை பாறையின் அடியில் போய்ச் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் சாம்பலாகத் தெரிந்த கல், கிட்டே வந்தால் ஒரே நிறம் இல்லை. இளஞ்சிவப்பு, மஞ்சள், துரு நிறம் என்று பட்டை பட்டையாக, மரக்கட்டையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் வளையங்கள் மாதிரி ஓடியிருந்தது. கல்லில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துத்தான் அந்த நிறம். சில இடங்களில் தேன்கூடுபோலப் பொத்தல் பொத்தல். கழுத்துக்குக் கீழே தண்ணீர் வந்து போகும் கோடு கறுப்பாகத் தெரிந்தது, அதில் சிப்பியும் பாசியும் அப்பியிருந்தன. உச்சியில் சின்னச் செடிகள், மண்ணே இல்லாத இடத்தில். அம்மா ஒன்றும் பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டார். தோட்டத்தில் புற்றுக்குப் பால் ஊற்றியவர், படம் எடுத்த பாம்பைக் கண்டால் கை தானாகப் போய்விடும். படகுக்காரர் சிரிக்கவில்லை. "மாக் சிக், பெகாங் குவாட் குவாட்", அம்மா, இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகை மெதுவாகத் திருப்பினார்.

படகைச் சுற்றிவரச் சொல்லுங்கள், ஒரே பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு கோணத்தில்தான் அது பாம்பு, இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கோடாலி, அதற்கும் அந்தப் பக்கம் போனால் சும்மா ஒரு கல். நல்ல படம் கிடைப்பது பாம்பாக இருக்கும் அந்தச் சில நொடிகளில்தான், அதற்கு முன்பே கைப்பேசியைத் தயாராகப் பிடித்திருங்கள். காலையில் நாங்கள் போகும்போது கரைப்பக்கம் சூரியன் இருந்ததால் பாறை கறுத்துத் தெரிந்தது, திரும்பும்போது மூன்று மணி வெயிலில் அதே பாறை பழுத்த மாம்பழ நிறத்தில் இருந்தது. ஒரு தடவைதான் முடியும் என்றால் திரும்பும்போது பாருங்கள், ஆனால் மதியத்துக்கு மேல் மழை வந்தால் அதுவும் போச்சு, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தூணின் அடியில் படகை நிறுத்தச் சொல்வது, பாறையில் இறங்கி நின்று படம் எடுப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மணற்கல் எந்த நேரத்தில் உதிரும் என்று யாரும் தேதி குறித்து வைக்கவில்லை.

நடந்தும் போகலாம். தெலோக் அசாமிலிருந்து தெலோக் பாண்டான் கெச்சிலுக்கு இரண்டரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இரண்டரைதானே என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், வேரைப் பிடித்து ஏறி, கல்லில் கால் வைத்து இறங்கும் பாதை. மேலே சமதளத்துக்கு வந்ததும் பெரிய மரம் கிடையாது, வெள்ளை மணல், குட்டைச் செடிகள், தலையில் நேர் வெயில். அந்த மண்ணில் சத்து கிடையாது, அதனால் அங்கே வளரும் குடுவைச் செடிகள் பூச்சியைப் பிடித்துத்தான் பிழைக்கின்றன, பாதை ஓரத்திலேயே குனிந்து பார்க்கலாம். பிறகு பாறை உச்சியிலிருந்து குடா முழுவதும் தெரியும், அங்கிருந்து பத்து நிமிடம் இறங்கினால் மணல். ஆனால் தூண் அந்த மணலில் நின்றால் முகத்துக்கு நேரே இருக்காது, முனையைச் சுற்றி அந்தப் பக்கம். இது தெரியாமல் நடந்து வந்து, கடைசியில் நின்று திருதிருவென்று விழிக்கிறவர்கள் உண்டு. எனவே நடந்து போய்ப் படகில் திரும்புவதுதான் என் யோசனை, தெலோக் பாண்டான் கெச்சிலுக்கு இத்தனை மணிக்கு வந்து ஏற்றிக்கொள்ளுங்கள் என்று படகுக்காரரிடம் காலையிலேயே சொல்லிவிட்டால் தூணையும் காட்டிக் கூட்டிக்கொண்டு வருவார். மாமாவும் அக்கா மகனும் நானும் அப்படித்தான் செய்தோம். அம்மாவும் அக்காவும் காலையிலேயே படகில் பார்த்துவிட்டதால் பூங்காச் சாப்பாட்டுக்கடையில் காற்றாடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நடக்கும் முன்பு தலைமையகத்தில் எந்தப் பாதை, எத்தனை பேர் என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போங்கள், திரும்பினதும் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் உங்களைத் தேடிக் காட்டுக்குள் ஆள் போகும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும். கைப்பிடிக் கட்டையைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள், பச்சை நிறத்தில் விரியன் பாம்பு நாள் முழுக்க ஒரே கிளையில் அசையாமல் சுருண்டு கிடக்கும், இலை என்று நினைத்துவிடுவோம். கடலில் குளிக்க ஆசைப்படாதீர்கள், முதலை எச்சரிக்கைப் பலகை சும்மா வைக்கவில்லை.

குரங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் அக்கா கோபித்துக்கொள்வார். நீள வால் குரங்குகள் தலைமையகத்தைச் சுற்றியே திரியும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் குரங்கு புதிதா என்று அக்காவுக்கு ஒரு நினைப்பு. முறுக்கு டப்பாவை மடியில் வைத்து, மூடியைத் திருகி, பாதிதான் திறந்திருப்பார். கூரையிலிருந்து ஒன்று இறங்கி மேசையில் உட்கார்ந்தது. அக்கா அதைப் பார்த்து "சூ" என்றார். அந்த நேரத்துக்குள் பின்னாலிருந்து வேறொன்று டப்பாவோடு போய்விட்டது, முன்னால் வந்தது வேடிக்கை காட்ட வந்த ஆள். மரத்தில் உட்கார்ந்து மூடியை அது அழகாகத் திருகித் திறந்ததைப் பார்த்தால் கோபமே வராது. சாப்பாடு எல்லாம் பைக்குள், பை சிப் மூடி, பை உங்கள் கைக்குள். பிளாஸ்டிக் பைச் சத்தம் கேட்டாலே வந்துவிடும்.

மூக்குக் குரங்கு அப்படியில்லை, அது இலை தின்னும் சாது. ஆண் குரங்குக்கு மூக்கு வாய்வரை தொங்கும், வயிறு உப்பியிருக்கும், மலாய்க்காரர்கள் அந்தக் காலத்து டச்சுக்காரர்களை நினைத்து அதற்கு ஓராங் பெலாண்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதிகாலையிலும் சாயங்காலத்திலும் அலையாத்தி மரங்களில் பார்க்கலாம், அதனால் ஒரு ராத்திரி பூங்காவிலேயே தங்க முடிந்தால் நல்லது, அறையை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். சாயங்காலம் தெலோக் அசாம் கரையில் உட்கார்ந்தால் எதிரே சந்துபோங் மலைப் பக்கம் சூரியன் இறங்கும். மணல் ஈ கடிக்கும், தைலம் பூசிக்கொண்டு உட்காருங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. கூச்சிங்கில் கோலோ மீ என்ற நூடல்ஸ் எங்கும் கிடைக்கும், சீனர் கடையில் பன்றி, ஹலால் கடையில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, ஆக இரண்டையும் தொடாத நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோழி போட்டதா என்று கேட்டே வாங்கித் தாருங்கள்.

கூச்சிங்கில் கூட ஒரு நாள் இருந்தால் மாத்தாங் போய் வாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா சார்லஸ் புரூக் அங்கே மலையில் தேயிலையும் காப்பியும் போட்டார், வேலைக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். தோட்டம் பிறகு மூடப்பட்டுக் காடாகிவிட்டது, அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோயில் மட்டும் மலையில் மறுபடி எழுப்பப்பட்டு நிற்கிறது. மேலே ஏற மூச்சு வாங்கும். பாக்கோவில் நடக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா, அங்கே எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார், அதே ரப்பர் சப்பாத்தோடு.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தை உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் பின்வாசலில்தான் கிடக்கிறது. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம், அடுத்த தேய்பிறை நவமி என்றைக்கு வருகிறது என்று அம்மா நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.